ஆடைக்கேற்ற பஞ்சு

செட்டிநாட்டு வீடொன்றின் வளவில் கட்டிய கொடியிலே இரண்டு ஆடைகள் உலர்கின்றன. ஒன்று பாட்டியின் கண்டாங்கிச் சேலை. மற்றொன்று கல்லூரியிற் பயிலும் பேரனுடைய நீலக் காற்சட்டை. சேலை காரைக்குடித் தறியில் நெய்யப்பெற்றது. அகன்ற கரையும் கட்டங்களும் உடையது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. காற்சட்டையோ ‘டெனிம்’ என்னும் தடித்த துணியாலாகியது. இளைஞர் அதனை ‘ஜீன்ஸ்’ என்பர். தோற்றத்தில் இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இரண்டும் பருத்தியின் மக்களே. இரண்டும் கனமானவை, அடித்துத் துவைத்தாலும் அஞ்சாதவை, பழகப் பழக மென்மையுறுபவை.

மாணவர்களே! ஒரே நிறமும் ஒரே கனமும் உள்ள இரண்டு காற்சட்டைகளைக் கடையில் வாங்குகிறோம். ஒன்று பல ஆண்டுகள் உழைக்கிறது. மற்றொன்று சில திங்களிலேயே மேலெல்லாம் பஞ்சு எழும்பி, முழங்காலில் நைந்து, இழை விட்டுப் போகிறது. இவ்வேறுபாடு எங்கே தோன்றியது? தறியிலா? சாயத்திலா? தையலிலா? இவை யாவற்றிற்கும் பங்குண்டு என்பது உண்மையே. ஆயினும் இவற்றிற்கெல்லாம் முன்னர், பஞ்சைத் தெரிந்தெடுத்த நாளிலேயே அவ்வாடையின் வாழ்நாளில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. பஞ்சில் நேர்ந்த பிழையைத் தறி திருத்துவதில்லை; சாயமும் மறைப்பதில்லை. ஆகவே பஞ்சைத் தெரிந்தெடுக்கும் முறையினை ஈண்டுக் காண்போம்.

இழையின் பிறப்பு

பருத்திக்கொட்டையின் மேல் மூடியிருக்கும் வெண்மையான மயிர்களையே இழை என்கிறோம். ஒவ்வோர் இழையும் ஒரே உயிரணுவின் நீட்சியாகும் என்பது வியப்புக்குரிய செய்தி. பூ மலர்ந்த நாள் தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரங்கள் அவ்வுயிரணு நீளத்தில் வளர்கிறது. அதன்பின் நீட்சி நின்று, உட்சுவரில் படலம் படலமாகச் சத்துப் படிந்து பருமனும் வலிமையும் பெறுகிறது. காய் வெடித்துக் காற்றுப் பட்டவுடன் உள்ளீரம் உலர்ந்து, உருண்ட குழலாக இருந்த இழை தட்டையாகி, நாடாவை முறுக்கியதுபோல் ஆங்காங்கே முறுக்கிக்கொள்கிறது. இவ்வியற்கை முறுக்கே ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்ளத் துணை செய்கிறது.

நீளும் பருவத்தில் நீர் குறைந்தால் இழை குட்டையாகும். பருக்கும் பருவத்தில் வாட்டமோ நோயோ புகுந்தால் இழை முதிராது, மெலிந்து நிற்கும். எனவே துணியின் தரம் ஆலையிற் பிறப்பதன்று. உழவனது வயலில், காயினுள்ளே, நம் கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சில வாரங்களிற் பிறப்பதாகும்.

இழையின் நீளத்தைக் கொண்டு நம் நாட்டு வணிகர் பருத்தியை ஐந்து வகையாகப் பிரிப்பர். 20 மில்லிமீட்டரும் அதற்கு உட்பட்டதும் குட்டை இழை, 20.5 முதல் 24.5 வரை நடுத்தர இழை, 25 முதல் 27 வரை நடுநீள இழை, 27.5 முதல் 32 வரை நீள இழை; 32.5 மில்லிமீட்டரும் அதற்கு மேற்பட்டதும் மிக நீண்ட இழை. குட்டை இழைக்கும் மிக நீண்ட இழைக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு விரல் அகலத்திற்கும் குறைவே. அச்சிறு வேறுபாட்டிலேதான் துணியின் சிறப்பும் விலையும் அடங்கியுள்ளன.

வடமும் நூலும்

நீளத்திற்கு இத்துணைச் சிறப்பு ஏன் வந்தது? நம் சிவகங்கை மாவட்டத்திலுள்ள சிங்கம்புணரியில் தென்னைநாரைக் கொண்டு தேர்வடம் முறுக்குவர். அவ்வடத்தைப் பிரித்துப் பார்த்தால், தனி நார் ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவே இருக்கும். அச்சாண் நார்கள் கூடி ஒரு தேரையே இழுக்கின்றன! காரணம் யாதெனின், முறுக்கேற முறுக்கேற நார்கள் ஒன்றையொன்று நெருக்கி அழுத்துகின்றன. அந்த நெருக்கத்தால் எழும் பிடிப்பு ஒன்று மற்றொன்றை விட்டு வழுவாமல் காக்கிறது. எந்த நாரும் வடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை செல்வதில்லை. பக்கத்து நாரைப் பற்றிக்கொண்டு தன் பங்குப் பாரத்தைத் தாங்குகிறது, அவ்வளவே.

பருத்தி நூலும் இத்தகையதே. இழை நீளமாக இருந்தால் பக்கத்து இழையைப் பற்றும் இடம் மிகுதி. ஆகவே குறைந்த முறுக்கிலேயே நூல் வலிமை பெறும். இழை குட்டையாக இருந்தால் பற்றும் இடம் குறைவு. வலிமை வேண்டின் முறுக்கை மிகுதிப்படுத்தல் வேண்டும். முறுக்கு மிகுந்தால் நூல் விறைத்துத் தொடுவதற்குக் கடுமையாகும். மேலும், குட்டை இழையில் முனைகள் பல. அம்முனைகள் நூலுக்கு வெளியே மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். துணி உரசும்போது அவையே எழும்பிச் சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. நீள இழையில் முனைகள் சில. நூல் வழவழப்பாக அமையும்.

நூலின் பருமனை ‘நம்பர்’ என்னும் கணக்கால் குறிப்பர். 840 கெஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஓர் இராத்தல், அதாவது ஏறக்குறைய 454 கிராம் பஞ்சில் எத்தனை சிட்டம் நூற்கலாமோ அத்தனை நம்பர் நூல் என்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெனிம் துணிக்கு வழங்கும் 7ஆம் நம்பர் நூலை ஓர் இராத்தலில் 5,880 கெஜம் நூற்கலாம். அஃதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டர். அதே ஓர் இராத்தலை 100ஆம் நம்பராக நூற்றால் 84,000 கெஜம் வரும். ஏறக்குறைய 77 கிலோமீட்டர். காரைக்குடியில் ஒரு முனையைக் கட்டி நேர்கோடாக இழுத்துச் சென்றால் அந்நூல் மதுரையை எட்டிவிடும்!

இப்பொழுது ஓர் உண்மையைக் கவனியுங்கள். 7ஆம் நம்பர் நூலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அவ்வெட்டு முகத்தில் ஏறக்குறைய ஐந்நூறு இழைகள் இருக்கும். 100ஆம் நம்பர் நூலிலோ ஐம்பது இழை அளவே இருக்கும். ஐந்நூறு பேர் கூடித் தூக்கும் பாரத்தில் சிலர் தளர்ந்தாலும் பிறர் தாங்குவர். ஐம்பதின்மர் தூக்கும்போது ஒருவர் தளரினும் குறை தெரியும். ஆதலால் மெல்லிய நூலுக்கு நீண்ட இழை இன்றியமையாதது; தடித்த நூலுக்கோ குட்டை இழையும் எண்ணிக்கையின் வலிமையால் ஓரளவு ஈடுகொடுக்கும். ‘விரலுக்குத் தக்க வீக்கம்’ என்னும் பழமொழி பஞ்சுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டுப் பருத்திகள்

செட்டிநாட்டின் செம்மண்ணும் சரளையும் பருத்திக்குச் சிறந்த நிலமல்ல. ஆயினும் நூற்றலும் நெய்தலும் இம்மாவட்டத்திற்குப் புதியனவல்ல. திருப்புவனத்தை அடுத்த கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டுகளும், நெசவிற் பயன்பட்ட கூரிய எலும்புக் கருவிகளும் கிடைத்துள்ளன. அண்மைக் காலத்திலும் இந்நாட்டார் ஆலைத் தொழிலிற் சிறந்து விளங்கினர். கோட்டையூரிற் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1937ஆம் ஆண்டில் கொச்சி நாட்டில் நூற்பாலை ஒன்றை நிறுவினார். அவ்விடம் இன்றும் அழகப்பா நகர் எனவே வழங்குகிறது. தமிழ் வளர்த்த கருமுத்து தியாகராசச் செட்டியாரும் மதுரையில் ஆலைகள் பல நடத்தினார்.

பருத்திக்கு உரிய கரிசல் நிலம் செட்டிநாட்டிற்குத் தெற்கேயும் மேற்கேயும், அருப்புக்கோட்டை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எனப் பரந்து கிடக்கிறது. அந்நிலத்தின் பழைய செல்வம் கருங்கண்ணிப் பருத்தி. வானம் பார்த்த பூமியில், மழையை மட்டுமே நம்பி, வறட்சிக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்து வளரும் நாட்டுப் பருத்தி அது. 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதன் மேம்பட்ட வகைகள் பலவற்றை உருவாக்கியது. கருங்கண்ணியின் இழை பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்கு உட்பட்டதே. ஆயினும் முரட்டு வலிமை உடையது. தடித்த நூலுக்கும் நெடுநாள் உழைக்கும் துணிக்கும் ஏற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இந்நாட்டிற்கு வந்தது. பின்னர்க் கம்போடியாவையும் ஆப்பிரிக்க உகாண்டாப் பருத்தியையும் கலந்து கோயம்புத்தூரில் புதிய வகைகளை உண்டாக்கினர். சென்னை மாகாணம், கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று பெயர்களின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘எம்.சி.யு.’ என்று அவற்றிற்குப் பெயரிட்டனர். அவற்றுள் 1968ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.சி.யு.5 பெரும்புகழ் பெற்றது. அதன் இழை ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். நீள இழை வகையைச் சார்ந்தது.

இவை எல்லாவற்றினும் மேம்பட்டது 1974ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் உருவான ‘சுவின்’. எகிப்தியப் பருத்தி வழிவந்த ‘சுஜாதா’ தாய். மேற்கிந்தியத் தீவாகிய ‘செயின்ட் வின்சென்ட்’ பெயரைத் தாங்கிய கடல்தீவுப் பருத்தி தந்தை. ஒன்றின் ‘சு’வும் மற்றொன்றின் ‘வின்’னும் கூடிச் ‘சுவின்’ ஆயிற்று. அதன் இழை ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். 120ஆம் நம்பர் நூலையும் அதனால் நூற்கலாம். எகிப்தின் ‘கிசா’, அமெரிக்காவின் ‘பிமா’ ஆகிய உலகப் புகழ்பெற்ற பருத்திகளோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பருத்தி நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியன்றோ?

டெனிமுக்கு ஏற்ற பஞ்சு

‘டெனிம்’ என்னும் பெயர் பிரான்சு நாட்டு ‘நீம்’ நகரின் பெயரிலிருந்து வந்தது என்பர். அதன் உறவான மற்றொரு முரட்டுத் துணிக்கு ஆங்கிலேயர் ‘டங்கரி’ என்று பெயரிட்டனர். அச்சொல் பம்பாயை அடுத்த ‘டோங்கிரி’ என்னும் இடப்பெயரின் வழிவந்தது. 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லீவை ஸ்ட்ராசு, ஜேக்கப் டேவிசு என்னும் இருவர் காற்சட்டைப் பையின் மூலைகளைச் செப்புக் குமிழால் இறுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். உழைப்பாளர் அணிந்த அவ்வுடையே பின்னர் உலகெங்கும் இளைஞர் உடையாயிற்று.

டெனிமில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெண்மை. ஒவ்வோர் ஊடையும் பாவு நூல் மூன்றின் கீழ்ச் சென்று ஒன்றின் மேல் வருமாறு, வரிசைக்கு வரிசை ஓரிழை தள்ளி நெய்வதால், துணியில் சாய்ந்த வரிகள் தோன்றுகின்றன. முன்புறம் நீலமும் பின்புறம் வெண்மையும் மிகுந்து தெரிவதும் இதனாலேயே. பாவு நூலுக்கு ஏற்றும் நீலம் அவுரிச் சாயத்தின் இனத்தது. அச்சாயம் நீரில் தானே கரையாது. தொட்டியில் தக்க முறையிற் கரைக்கும்போது பசுமஞ்சள் நிறமுற்று, காற்றுப் பட்டவுடன் நீலமாகும். நூலை அதிற் பலமுறை தோய்த்துத் தோய்த்துக் காற்றாட விடுவர். சாயம் நூலின் மேற்புறத்தில் வளையமாகத் தங்கும். நடுப்பகுதி வெண்மையாகவே நிற்கும். அணிந்து துவைக்கத் துவைக்க மேற்புறம் தேய்ந்து உள்வெண்மை வெளிப்படுவதே ஜீன்ஸின் தனி அழகாகும்.

இவ்வளவு தடித்த துணிக்கு நீள இழை எதற்கு என்று வினவலாம். நேர்மையான விடை இது: எல்லா டெனிமுக்கும் அது தேவையில்லை. உலகில் நெய்யப்படும் டெனிமில் பெரும்பகுதி நடுத்தர, நடுநீள இழைப் பஞ்சினாலேயே ஆகிறது. அதனால் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் உயர்ந்த டெனிம் நெய்ய விரும்புவோர் நீள இழையை நாடுவதற்குக் காரணங்கள் மூன்று உள.

முதலாவது, பாவு நூல் படும் பாடு. நூற்றுக்கணக்கான நூல்களை வடம்போல் திரட்டிச் சாயத்தொட்டிகளில் மீண்டும் மீண்டும் தோய்த்து, உருளைகள் பலவற்றின் மேல் இழுத்து, மறுபடி பிரித்து, கஞ்சி போட்டு, இறுகிய தறியில் ஏற்றுவர். நடுவில் ஒரு நூல் அறுந்தாலும் வேலை கெடும். இரண்டாவது, மென்மை. குறைந்த முறுக்கிலேயே வலிமை கிடைப்பதால் துணி கனமாக இருந்தும் உடலுக்கு இதமாக இருக்கும். மூன்றாவது, மெல்லிய டெனிம். சட்டைக்கும் வெப்ப நாட்டிற்கும் உரிய கனங்குறைந்த டெனிமுக்கு நூல் மெலிய வேண்டும். நூல் மெலிந்தால் இழை நீள வேண்டும் என்பதை முன்னரே கண்டோம்.

தெரிந்தெடுக்கும் முறை

பஞ்சு வணிகத்திற் பழகியவர் பொதியிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுப்பர். இரு கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து மெல்ல இழுத்துப் பிரிப்பர். பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி இழுப்பர். இவ்வாறு பலமுறை செய்தபின் இழைகள் சீவிய கூந்தல்போல் ஒழுங்குபட்டு நிற்கும். அதனைக் கருந்துணியின்மேல் வைத்து நீளம் காண்பர். தேர்ந்த கைக்கு ஒரு மில்லிமீட்டர் வேறுபாடும் தப்பாது. இன்று பெரிய ஆலைகளில் கருவிகள் சில நொடிகளில் நீளமும் வலிமையும் நிறமும் அளந்து சொல்லிவிடுகின்றன. எனினும் கருவி அளப்பதும் கை அறிவதும் ஒரே பண்புகளையே. அப்பண்புகள் யாவை?

நீளம் முதற்பண்பு, ஆனால் அது தனித்து நில்லாது. நீள இழைகளோடு குட்டை இழைகள் மிகுதியாகக் கலந்திருந்தால், நூற்கும்போது குட்டை இழைகள் கட்டுக்கு அடங்காமல் கூட்டமாகச் சேர்ந்து, நூலை ஓரிடத்தில் தடிப்பாகவும் மற்றோரிடத்தில் மெலிவாகவும் ஆக்கும். எனவே நீளத்தோடு ஒருசீர்மையும் வேண்டும். சுருங்கக் கூறின், ஒரு சில இழை மிக நீண்டிருப்பதினும் எல்லா இழையும் ஒத்திருப்பது மேல்.

அடுத்தது மென்மையும் முதிர்ச்சியும். மெல்லிய இழை நல்லதே. ஆனால் முதிராமையால் மெலிந்த இழை தீது. முதிராத இழை எளிதிற் சிக்கிச் சிறு முடிச்சாகும். சாயத்தையும் சரிவரப் பற்றாது. பிற துணிகளில் அக்குறை ஒருவாறு மறைந்துவிடும். நீல டெனிமிலோ இரவு வானத்து விண்மீன்கள்போல் வெண்புள்ளிகளாகத் தெரியும். விண்மீன் வானுக்கு அழகு, துணிக்கு அழகன்று. ஆகையால் டெனிமுக்குப் பஞ்சு தேர்வோர் முதிர்ச்சியை மிகக் கூர்ந்து நோக்குவர்.

மூன்றாவது, கலப்பின்மை. ஓர் ஆலை ஒரே சமயத்தில் பல பொதிகளைப் பிரித்துக் கலந்தே நூற்கிறது. அப்பொதிகள் யாவும் ஒத்த பண்புடையனவாக இருத்தல் வேண்டும். ஒரு பொதி முதிர்ந்ததும் மற்றொன்று முதிராததுமாக அமைந்தால், ஒரே தொட்டியில் தோய்த்த நூலும் இருவேறு நீலம் காட்டும். துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

நான்காவது, தூய்மை. இலைச்சருகும் தூசியும் பெரும்பாலும் ஆலையில் நீங்கிவிடும். ஆனால் சாக்குச் சணலும், தலைமயிரும், உர மூட்டையின் பிளாஸ்டிக் இழையும் பஞ்சோடு பஞ்சாகப் பிரிந்து கலந்துவிட்டால் அவற்றை நீக்குவது அரிது. பிளாஸ்டிக் இழை பருத்திச் சாயத்தை ஏற்காது. வயலோரத்தில் ஒருவர் கவனமின்றிப் பயன்படுத்திய ஒரு கிழிந்த உரச்சாக்கினால், எங்கோ கடல் கடந்த நாட்டிலே ஒரு துணிக்கட்டு முழுவதும் தள்ளப்படுகிறது. ஆதலின் பருத்தி எடுப்போர் தலையைத் துணியாற் கட்டிக்கொள்ளுதல், பருத்தித்துணிப் பையிலேயே சேர்த்தல், பனி உலர்ந்தபின் எடுத்தல், நன்கு வெடித்ததையும் கறைபட்டதையும் வேறு வேறாக வைத்தல் ஆகியவற்றைக் கைக்கொள்ள வேண்டும். நூறு ரூபாய்க் கருவி செய்யாத தூய்மையை நல்ல பழக்கம் செய்துவிடும்.

நல்ல இழையைத் தேர்ந்தெடுத்தபின் அதனைக் காத்தலும் வேண்டும். கொட்டை நீக்கும் பொறிகள் இருவகை: பல்வாள் பொறி, உருளைப் பொறி. பல்வாள் பொறி விரைவானது. ஆனால் நீண்ட இழையை அறுத்துவிடும். உருளைப் பொறி மென்மையாகப் பற்றி இழுப்பதால் இழையின் நீளம் குன்றாது. மிக நீண்ட இழைப் பருத்திக்கு இதனையே பயன்படுத்துவர். பின்னர் உயர்ந்த நூலுக்குரிய பஞ்சைச் சீப்புப் பொறியிற் சீவி, எஞ்சிய குட்டை இழைகளை நீக்குவர். அதில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை கழிவாகப் பிரியும். சீவிய நூல் விலையேறி விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். கிழிந்த ஜீன்ஸ் துண்டிலிருந்து வெள்ளை ஊடை நூல் ஒன்றை உருவுங்கள். முறுக்குக்கு எதிராகத் திருகினால் நூல் பிரியும். மெல்ல இழுத்து ஓர் இழையைத் தனியே எடுத்து, கரும்பலகையின்மேல் நீட்டி, அளவுகோலால் அளந்து பாருங்கள். பழைய கைத்தறித் துணியின் நூலையும் அவ்வாறே அளந்து ஒப்பிடுங்கள். கடைக்காரர் சொல்லாத செய்தியை அச்சிறு இழை உங்களுக்குச் சொல்லும்.

உழவன் கையில் உள்ளது

இத்துணைச் சிறந்த சுவின் பருத்தி இன்று எங்கும் விளைகிறதா எனின், இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரிடப்பெற்ற அது இப்பொழுது மிகச் சிறு பரப்பிலேயே விளைகிறது. அது வயலில் நிற்கும் காலம் ஐந்து திங்களுக்கும் மேற்பட்டது, நீர்ப்பாசனம் வேண்டும், விளைச்சலோ பிற வகைகளினும் குறைவு. ஒத்த விலை கிடைக்காதவிடத்து உழவன் அதனை எவ்வாறு பயிரிடுவான்? அவன் மீது குறை கூறுதல் முறையன்று. அதனால் நம் ஆலைகள் தமக்கு வேண்டிய மிக நீண்ட இழைப் பஞ்சில் பெரும்பகுதியை எகிப்து, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வாங்குகின்றன. நம் நாட்டிற் பிறந்த சிறந்த பருத்தியைச் சிறிதளவே விளைத்துக்கொண்டு அயல்நாட்டுப் பஞ்சைத் தேடுகிறோம்.

மறுபுறம், கருங்கண்ணியின் பரப்பும் சுருங்கிவிட்டது. அதன் இழை குட்டை என்று தள்ளினர். ஆனால் மழையை மட்டும் நம்பிய கரிசலில், குறைந்த செலவில் விளைந்து, உழவனைக் கடனில் ஆழ்த்தாமல் காத்த பருத்தி அது. தடித்த துணிக்கு இன்றும் அது பயன்படும். நீண்டது உயர்வு, குட்டையானது தாழ்வு என்று கொள்வது அறியாமை. சுவினைக் கொண்டு சாக்குத் துணி நெய்வது வீண். கருங்கண்ணியைக் கொண்டு நூறாம் நம்பர் நூற்க முயல்வதும் வீண். இன்ன துணிக்கு இன்ன நூல், இன்ன நூலுக்கு இன்ன பஞ்சு, இன்ன பஞ்சுக்கு இன்ன நிலம் என்று அறிந்து பொருத்துவதே தேர்வு எனப்படும். அவ்வாறு தேர்ந்து, உழவனுக்கு உரிய விலையும் கொடுத்தால், சுவினும் வாழும், கருங்கண்ணியும் வாழும்.

இதில் வாங்குவோருக்கும் பங்குண்டு. விலை மலிவு ஒன்றையே நோக்கி, ஓராண்டில் நையும் துணிகளைப் பல வாங்கி எறிவதினும், பஞ்சறிந்து நெய்த ஆடை ஒன்றை வாங்கிப் பல்லாண்டு பேணுதல் சிக்கனமுமாகும். நெசவாளிக்கும் உழவனுக்கும் செய்யும் மரியாதையுமாகும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றனர் நம் முன்னோர். புதுத்துணியைக் கிழித்துக் கந்தையாக்கி விற்கும் இந்நாளிலும் அம்மொழியின் பொருள் குன்றவில்லை.

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் நெய்யும் நூலையும் கற்கும் நூலையும் குறிக்கும். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தம் நூலின் பாயிரத்தில் சொற்களைப் பஞ்சாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், அவர்தம் அறிவைக் கதிராகவும் வைத்து உவமை காட்டினார். பஞ்சு நன்றாயின் இழை நன்றாகும். சொல் நன்றாயின் நூல் நன்றாகும். முறுக்கால் மட்டும் குட்டை இழையை உயர்ந்த நூலாக்க முடியாததுபோல், பகட்டால் மட்டும் வெறுஞ்சொல்லை நல்ல நூலாக்க முடியாது.

வளவின் கொடியிலே சேலையும் காற்சட்டையும் உலர்ந்துவிட்டன. பாட்டி தன் சேலையை மடித்துப் பெட்டகத்தில் வைக்கிறாள். அதனை நாளை பேத்தி எடுத்து உடுத்தலாம். பேரனது காற்சட்டையும் அவ்வளவு காலம் உழைக்குமா என்பது, அதனைத் தைப்பதற்கு நெடுநாள் முன்னரே, யாரோ ஒருவர் ஒரு பிடி பஞ்சை இரு விரலால் இழுத்துப் பார்த்த அந்தக் கணத்திலேயே முடிவாகியிருக்கும்.